வாடிக்கையாளர் என்று யாரைச் சொல்கிறோம்?

வணிக மேலாண்மை படிக்கும் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 8 முதல் 12 வாரம் வரை இன்டர்னாக வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது, என்ன கற்றாய் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கருவிகளின் பெயர்களையே விடையாகச் சொல்கிறார்கள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றேன், முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு செய்யக் கற்றேன், சில வாரத் தவணையாக வேலையைப் பிரித்துச் செய்யும் ஸ்பிரிண்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்தேன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பிறகு அதே துறையில் வேலைக்குச் சேர்ந்து, கோடைதோறும் ஓரிரு இன்டர்ன்களை வழிநடத்தும் பொறுப்பும் என்னிடம் வந்த பின், அந்த விடை தவறில்லை என்றாலும் போதாது என்று தோன்றத் தொடங்கியது. கருவிகளை வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். ஒரு கேள்வியை, அதைப் படிக்கும் இருவர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள இடமில்லாதபடி கேட்கும் பழக்கத்தை அப்படிக் கற்க முடியுமா என்பது ஐயம்தான்.

என் கோடை ஒரு சந்தா மென்பொருள் நிறுவனத்தில் கழிந்தது. சிறு வணிகர்கள் மாதாமாதம் பணம் கட்டிப் பயன்படுத்தும் மென்பொருள் அது. எனக்குக் கொடுக்கப்பட்ட பணி ஒரே வரியில் அடங்கியது: எந்த வாடிக்கையாளர்கள் விலகிப்போகிறார்கள், ஏன் என்று கண்டறிய வேண்டும். இதைவிடச் சிக்கலான கேஸ் ஸ்டடிகளை ஓர் இரவில் முடித்துப் பழகியிருந்த எனக்கு, 10 வாரத்தை இதில் எப்படிச் செலவழிப்பது என்பதே கவலையாக இருந்தது. தரவுகளைப் பார்த்துக்கொண்ட பொறியாளரிடம் போய், கடந்த ஆண்டு விலகிய வாடிக்கையாளர்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே, “வாடிக்கையாளர் என்று நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்?” என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கிண்டல் செய்யவில்லை. இலவசக் காலத்தில் சேர்ந்து, பணம் கட்டும் நாள் வருமுன் போய்விட்டவர் வாடிக்கையாளரா? ஒரே நிறுவனம் கிளைக்கு ஒன்றாக நான்கு கணக்குகள் வைத்திருந்து அவற்றில் ஒன்றை மூடினால், ஒருவர் விலகியதாகக் கொள்வதா, இருப்பவர் சற்றுச் சுருங்கியதாகக் கொள்வதா? ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டு மூன்றாம் மாதத்திலிருந்து உள்ளே எட்டிப்பார்க்காதவர் இருக்கிறாரா, போய்விட்டாரா? கிரெடிட் கார்டு காலாவதியானதால் பணம் எடுக்க முடியாமல் கணக்கு தானாக மூடப்பட்டது என்றால், அவர் விலகினாரா, நாம் வெளியேற்றினோமா?

இந்தக் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பிரிவாகப் போனேன். நிதிப் பிரிவைப் பொறுத்தவரை இன்வாய்ஸ் அனுப்பப்பட்டவர் வாடிக்கையாளர். விற்பனைப் பிரிவுக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். மென்பொருளை உருவாக்கும் பிரிவுக்கோ, கடந்த 30 நாளில் ஒரு முறையேனும் உள்நுழைந்தவர் மட்டுமே. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வேலைக்கு எது தேவையோ அதை அவரவர் எண்ணினார்கள். ஆனால் மூன்று எண்ணிக்கையும் ஒரே தலைப்பின்கீழ் மூன்று டேஷ்போர்டுகளில் இருந்தன. மாதாந்திரக் கூட்டத்தில் யாருடைய திரை சுவரில் விழுகிறதோ, அந்த மாதம் நிறுவனத்தின் நிலைமை அதுவாக இருந்தது. அதற்குமுன் வரையறை என்றால் பாடநூலின் முதல் பக்கத்தில் வருவது என்று மட்டுமே அறிந்திருந்தேன். அதில் பழியும் பெருமையும் பங்கிடப்படுகின்றன என்பது அங்கே தெரிந்தது. விலகியவர்களின் கணக்கில் கார்டு காலாவதியானவர்களையும் சேர்த்தால் குறை வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலையில் விழும். அவர்களைத் தனியே பிரித்துக் காட்டினால், பணம் வசூலிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரு தரப்பினரும் ஒரு சாதாரண இன்டர்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதன் காரணம் எனக்கு இரண்டாம் வாரத்தில்தான் விளங்கியது.

எல்லாருக்கும் பொதுவான ஒரே வரையறையைத் தேடும் முயற்சியைக் கடைசியில் கைவிட்டேன். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு தனிப் பெயர் வைத்து, அதன்கீழ் யார் சேர்க்கப்படுகிறார், யார் விடப்படுகிறார் என்று இரண்டு வரி எழுதினேன். ஏறக்குறைய மூன்று வாரம் அதற்கே போயிற்று. என் அறிக்கையில் பின்னாளில் பிறர் திறந்து படித்த பக்கம் அது ஒன்றுதான்.

இன்டர்ன்கள் தடுமாறும்போது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிச் சிரிப்பவர்கள் எந்த அலுவலகத்திலும் உண்டு. அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. வகுப்பில் படித்தது உதவவே செய்தது. மாதம் 5 சதவீதம் பேர் விலகினால் ஆண்டு முடிவில் 60 சதவீதம் பேர் போயிருப்பார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தபோது, ஒவ்வொரு மாதமும் எஞ்சியவர்களில்தான் 5 சதவீதம் குறைகிறது, ஆகவே 100 பேரில் சுமார் 54 பேர் ஆண்டு முடிவில் இருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடிந்தது கூட்டுவட்டிக் கணக்கு கைவசம் இருந்ததால்தான். விலகலை 3 சதவீதமாகக் குறைத்தால் எஞ்சுவோர் சுமார் 69 ஆவார்கள் என்றபோது, இரண்டே சதவீதத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஏட்டில் இல்லாதது வேறு. கேஸ் ஸ்டடியில் சுரைக்காய் தோல் சீவித் துண்டு போட்டே வருகிறது. எண்கள் பின்னிணைப்பில் அட்டவணையாக நிற்கும், அவற்றை எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்று யாரும் கேட்பதில்லை. நிறுவனத்தில் தோட்டத்துக்கே இறங்கிப் பறித்து வர வேண்டியிருக்கிறது.

நான் செய்த பெரிய பிழையும் அந்தத் தோட்டத்தில்தான் நடந்தது. எஸ்க்யூஎல் 1970களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவான மொழி. அதன் அடிப்படைகளைச் சில வாரங்களில் கற்றுவிடலாம் என்பது அதன் நல்ல குணம். எல்லாம் கற்றுவிட்டோம் என்று நம்பவைப்பது அதன் கெட்ட குணம். வாடிக்கையாளர் அட்டவணையையும் கட்டண அட்டவணையையும் ஜாயின் செய்து, அதாவது ஒன்றின் வரிகளை மற்றதன் வரிகளோடு பொருத்தி இணைத்து, விலகியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வரவில்லை, எண் வந்தது, அதை வைத்து எட்டு ஸ்லைடுகள் செய்தேன். ஐந்தாம் வாரத்து இடைக்கால மதிப்பீட்டில் மூன்றாவது ஸ்லைடு வந்ததும் அதே பொறியாளர் கையை உயர்த்தி, “ஒருவர் மூன்று முறை பணம் கட்டியிருந்தால் உங்கள் கணக்கில் அவர் எத்தனை பேர்?” என்று கேட்டார். மூன்று பேர். கட்டண அட்டவணையில் ஒருவருக்கு எத்தனை வரிகள் இருந்தனவோ, அத்தனை முறை அவரை நான் விலக வைத்திருந்தேன். நீண்ட நாள் பணம் கட்டியவர்களே அதிகமாக விலகுகிறார்கள் என்று தடித்த எழுத்தில் நான் போட்டிருந்த கண்டுபிடிப்பு அந்த எண்ணல் பிழையில் விளைந்ததே தவிர வேறொன்றுமில்லை.

அவமானமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? ஆயினும் அந்த அறையில் யாரும் கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு பொறியாளர், தானும் ஒரு முறை அதே பிழையைச் செய்ததைச் சொன்னார். கூட்டம் அடுத்த பொருளுக்குப் போயிற்று. அன்று ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்றுவரை விடவில்லை. ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுவேன். பிறகு பட்டியலிலிருந்து மனம்போனபடி ஐந்து பேரை எடுத்து, அவர்களுடைய கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். அட்டவணைகளில் தென்படாத அற்பக் காரணங்கள் அப்படித்தான் அகப்படுகின்றன. மாதம் மாறும் இரவில் விலகியவர்கள் பக்கத்து மாதத்தில் பதிவாகியிருந்தார்கள், ஏனெனில் சர்வர் நேரத்தை நம் உள்ளூர் நேரத்தில் எழுதாமல், உலகப் பொது நேரமான யூடிசியில் எழுதி வைத்தது. திருப்தி மதிப்பெண்ணின் சராசரி வியக்கும்படி உயர்ந்திருந்தது, ஏனெனில் பதில் தராதவர்களின் கட்டங்கள் காலியாக இருந்தன. காலிக் கட்டத்தை எஸ்க்யூஎல் சராசரியில் சேர்ப்பதில்லை, மனம் வெறுத்துப் போனவர்களோ கருத்துக் கணிப்புக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதில்லை.

ஒரு பொறியாளர் முடியாது என்று சொன்னால் அந்தச் சொல்லில் எத்தனை பொருள் இருக்கலாம் என்பதையும் வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை. செய்யவே இயலாது என்பதாக இருக்கலாம். செய்யலாம், ஆனால் இப்போது கையில் இருக்கும் வேறொன்றை நிறுத்த வேண்டும் என்பதாக இருக்கலாம். நீங்கள் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு இதை யார் பராமரிப்பது என்பதாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்பது என்னவென்றே புரியவில்லை என்பதன் நாகரிக வடிவமாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாத மாணவர், மேலாளரிடம் சொல்லி அழுத்தம் கொடுப்பதே வழி என்று முடிவு கட்டிவிடுகிறார். எதை விட்டால் இது முடியும் என்று கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் பேச்சு வேறு திசைக்குத் திரும்பும்.

வேலை பின்தங்கினால் ஆள் சேர்க்கலாம் என்பதும் வணிகம் படித்தவர்களுக்கு எளிதில் தோன்றும் யோசனை. நானும் ஒரு திட்டக் கூட்டத்தில் இன்னும் இருவரைச் சேர்த்தால் என்ன என்று கேட்டு, பல முகங்களில் ஒரே நேரத்தில் புன்னகை வரக் கண்டேன். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற கணினி இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் பணியில் ஆள் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று 1975இலேயே எழுதிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகிறது. அத்துடன் 5 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய இணைப்புகள் 10, 10 பேர் ஆனால் 45. தொழிற்சாலை உற்பத்தியை வைத்துப் படித்த கணக்கு இங்கே அப்படியே செல்லாது என்பதை ஒரு புன்னகையிலிருந்து கற்றுக்கொண்டது மலிவுதான்.

குழுவினர் நின்றபடியே வேலை நிலவரம் பேசும் தினசரி ஸ்டாண்டப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டிய அந்தக் கூட்டத்தில், மேலாண்மை மாணவர்கள் முதல் வாரம் முழுவதும் தாங்கள் எவ்வளவு உழைத்தோம் என்று அறிக்கை வாசிப்பார்கள். எங்கே சிக்கி நிற்கிறேன் என்று சொல்லத்தான் அந்த நேரம் என்பதைப் புரிந்துகொள்ளச் சிலருக்குப் பாதிக் கோடை ஆகிறது.

நான் வழிநடத்திய இன்டர்ன்களில் ஒருவர் ஏ/பி டெஸ்ட் ஒன்றை, அதாவது பயனர்களை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு வடிவத்தைக் காட்டி ஒப்பிடும் சோதனையை, பார்த்துக்கொண்டிருந்தார். பதிவுப் பக்கத்தின் இரண்டு வடிவங்களில் எது மேல் என்பது கேள்வி. அவர் தினமும் காலையில் முடிவைத் திறந்து பார்ப்பார். உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பைச் சொல்வது பி-மதிப்பு. ஆறாம் நாள் அது 0.05க்குக் கீழே இறங்கியதும், புதிய வடிவம் வென்றுவிட்டது என்று மகிழ்ச்சியோடு வந்தார். புள்ளியியல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். பி-மதிப்பு என்றால் என்ன என்று என்னைவிட நன்றாகவே விளக்குவார். ஆனால் முன்பே குறித்த மாதிரி அளவு சேரும் வரை காத்திராமல், சாதகமான நாள் வந்ததும் நிறுத்திக்கொண்டால், தற்செயலான ஏற்றத்தை வெற்றி என்று எண்ணிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்தை விடப் பல மடங்கு உயர்ந்துவிடும் என்பது தேர்வுத்தாளில் வந்திருக்காது, ஏனெனில் தேர்வுத்தாளில் ஆறாம் நாள் காலை என்று ஒன்று இல்லை. டெஸ்ட்டைத் தொடரச் சொன்னேன். மூன்றாம் வார முடிவில் இரண்டு வடிவங்களுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. வேறுபாடில்லை என்பதை ஒரு முடிவாக எழுதித் தர அவருக்கு மனம் வரவில்லை. வெற்றுக் கையோடு நிற்பதாக நினைத்தார். அந்தப் பக்கத்தை எழுத வைப்பதற்கு, டெஸ்ட் நடத்தியதைவிட அதிகப் பேச்சு தேவைப்பட்டது.

எழுதுவது என்று வரும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமேசான் நிறுவனம் 2004இல் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டை நிறுத்திவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பைக் கொண்டுவரும் முறைக்கு மாறியது. கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லாரும் அதை மௌனமாகப் படிக்கிறார்கள். இன்று வேறு பல மென்பொருள் நிறுவனங்களிலும் அதைப் போன்ற பழக்கம் உண்டு. ஸ்லைடில் அம்புக்குறி போட்டு இரண்டு கட்டங்களை இணைத்துவிடலாம். வாக்கியத்தில் எழுதும்போது அந்த அம்புக்குறிக்கு ஒரு வினைச்சொல் தேவைப்படுகிறது, அங்கேதான் நமக்குக் காரணம் தெரியாது என்பது வெளிப்படுகிறது. ஸ்லைடுகளில் கைதேர்ந்த மாணவர்களே இதில் அதிகம் திணறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

எல்லாக் கோடைகளும் இப்படி அமைவதில்லை. பொழுதுபோக்குக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்து, கடைசி நாள் கைதட்டி வழியனுப்பிவிடும் இடங்களும் உண்டு. அங்கே கிடைப்பது ஒரு சான்றிதழும் ஒரு டி-சர்ட்டும்தான். அதை முன்கூட்டியே அறிய, முதல் வாரத்திலேயே ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: நான் கண்டுபிடிப்பது தவறாக இருந்தால் இங்கே யாருக்கு நட்டம்? யாருக்கும் இல்லை என்றால், வேறு பணி தரும்படி மேலாளரிடம் பணிவாகக் கேட்பது நல்லது. படிப்பு முடியுமுன் கையில் வரும் வேலை வாய்ப்புக் கடிதத்தை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிவு வருவதில்லை. அதில் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, கல்விக் கடன் அவர்கள் பெயரில்தானே இருக்கிறது.

சென்ற கோடையில் வந்த ஒரு மாணவி, தன் முதல் வாரத்தில் ஒரு கோரிக்கையோடு என் மேசைக்கு வந்தார். 30 நாளில் ஒரு முறையேனும் உள்நுழைந்தவரே செயலில் உள்ள வாடிக்கையாளர் என்று நாங்கள் இப்போதும் எண்ணி வருகிறோம். நான் இன்டர்னாக இருந்தபோது கேட்டு எழுதிய வரியை, வேலைக்குச் சேர்ந்தபின் இங்கேயும் கொண்டுவந்திருந்தேன். அவர் காலாண்டுக்கு ஒரு முறை மட்டும் வரிக் கணக்குக்காக உள்ளே வரும் வணிகர்களின் பட்டியலை விரித்து வைத்து, “இவர்கள் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார்கள், ஒரு குறையும் சொன்னதில்லை. இவர்களை ஏன் போய்விட்டவர்களாக எண்ணுகிறீர்கள்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த வரையறைக்கு யார் பொறுப்பு என்று அடுத்ததாகக் கேட்டார். நான்தான் என்றேன்.