மண்ணுக்குப் போகும் செருப்பு: ஆம்பூர் நாட்குறிப்பு

மே 12, 2024, ஞாயிறு

மண்ணில் மட்கும்படி நான் செய்துபார்க்கும் செருப்பின் முதல் ஜோடியைப் போட்டுக்கொண்டு அம்மா இன்று மத்தியானம் பஜாருக்குப் போய் வந்தார். வாசலில் கழற்றும்போதே, "செருப்பு ரோட்டை விடமாட்டேங்குதுடி" என்றார். திருப்பிப் பார்த்தால் சோல் முழுக்க மணல், கிழிந்த பஸ் டிக்கெட் ஒன்று, கொஞ்சம் வேப்பம்பூ. ஆம்பூர் வெயிலில் கிரேப் சோல் பபிள்கம் மாதிரி இளகிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். கிரேப் என்பது பச்சை ரப்பர். பாலை உறையவைத்து, உருளையில் நசுக்கி, உலர்த்தி, அடுக்கி ஒட்டியது, அவ்வளவுதான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலுக்கு இளகாது, குளிருக்கு விறைக்காது என்பதை சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839-லேயே கண்டுபிடித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், அதே கந்தகப் பிணைப்புதான் ரப்பரை மண்ணில் மட்க விடாமல் இழுத்தடிக்கிறது. எனக்கு மட்கவும் வேண்டும், மே மாதம் உருகவும் கூடாது.

ஜூன் 2

நாகர்கோவில் பக்கம் சின்னதாக மோல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனில் பேசினேன். கந்தகத்தைக் குறைத்துப் போடலாம், ஆனால் ரப்பர் வேக நேரமாகும் என்றார். ரப்பருக்குக் கறுப்பும் உறுதியும் கொடுக்கும் கரித்தூளான கார்பன் பிளாக்குக்குப் பதில் உமிச் சாம்பல் கேட்டேன். அதில் சிலிக்கா அதிகம், ரப்பருக்கு உறுதி கொடுக்கும். அரிசி ஆலை பாய்லரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

"கறுப்பு கரெக்டா வராதும்மா."

"வரலன்னா பரவாயில்லண்ணே."

அடிப்பாகத்தைப் பற்றி நான் இவ்வளவு அலட்டிக்கொள்ளக் காரணம் உண்டு. மட்கும் மட்கும் என்று எல்லோரும் குப்பைக்குப் போன பிறகு நடப்பதையே பேசுகிறார்கள். சோல் அதற்கு முன்பே, நடக்க நடக்க, தெருவிலேயே தேய்ந்து தூளாகிக்கொண்டிருக்கிறது. அந்தத் தூள் பி.யூ., ஈ.வி.ஏ. மாதிரி பிளாஸ்டிக்கா, ரப்பரா என்று யாரும் கேட்பதில்லை.

ஜூன் 9

மேல் வாருக்குத் தோல்தான் என்று முடிவு. தோலா என்று தோழி முகம் சுளித்தாள். அன்னாசி இலை நாரில் செய்த 'தோல்' ஒன்றின் படத்தை அனுப்பினாள். பார்க்க அழகு. நார் இயற்கை, சரி. அதைக் கட்டிப்பிடிக்கச் சேர்ப்பது பி.எல்.ஏ. என்ற தாவரப் பிளாஸ்டிக், மேலே பூச்சாக பிசின். பி.எல்.ஏ. ஒழுங்காக மட்க 58 டிகிரி வாக்கில் சூடு தாங்கி நிற்கும் உரக்கூடம் வேண்டும். எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் அது கிடையாது.

குரோமியம் உப்பில் பதப்படுத்தும் குரோம் தோல் வேண்டாம். தோல் கழிவால் கெட்ட பாலாறு ஓடும் ஊரில் பிறந்தவளுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று எங்கள் தோல் தொழிற்சாலைகள் வழக்கிலும் தீர்ப்பு சொன்னது. அதனால் பட்டைத் தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த பழைய முறை. இப்போது பெரும்பாலும் வாட்டில் மரச் சாறு. தோல் கொடுத்த பாயிடம், "இது மண்ணில சீக்கிரம் மட்குமா பாய்?" என்று கேட்டேன். சிரித்தார். "அழுகக் கூடாதுன்னுதானேம்மா பதப்படுத்துறோம்!"

பத்து வருஷமாகச் செருப்புத் தொழிலில் இருக்கிறேன். இதை ஒருமுறைகூட இப்படி யோசித்ததில்லை.

ஜூலை 14

பசை நாள். கம்பெனியில் பயன்படுத்தும் சொல்யூஷனைத் தொடாமல், ரப்பர் பாலிலேயே ஒட்டிப் பார்த்தேன். பால் உறையாமல் இருக்க அமோனியா கலந்துதான் விற்கிறார்கள். கேனைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலை அறைந்து சாத்தினார்.

சாயங்காலம் முருங்கைக்குப் பக்கத்தில் ஒரு முழ ஆழக் குழி வெட்டி இரண்டு ஜோடி புதைத்தேன். ஒன்று, கடையில் வாங்கிய சாதா செருப்பு. இன்னொன்று என்னுடையது: பட்டைத் தோல் வார், கோரைப்பாய் மேல்தளம், ரப்பர் பால் தெளித்த தென்னை நார் நடு அடுக்கு, கந்தகம் குறைத்த சோல். அம்மா சூடம் ஏற்றட்டுமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 25

மழை. அதே மாதிரி செய்து, புதைக்காமல் வைத்திருக்கும் ஜோடியில் பூஞ்சை. கோரை முழுக்கப் பச்சைப் பொட்டு, மூலையில் வெள்ளைப் பஞ்சு. நான்கு நாள் ஈரத்துக்கே இந்தக் கதி. மட்கும் பொருளுக்குக் காலில் இருக்கிறோமா குழியில் இருக்கிறோமா என்று தெரியாது அல்லவா. ஈரம் கிடைத்தால் வேலையை ஆரம்பித்துவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டு அருகே செருப்பு தைக்கும் தாத்தாவிடம் காட்டினேன். கோரையை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை எதுக்கு ஒட்டின? தனியா கழட்டி வெயில்ல போடுற மாதிரி வை" என்றார். இரண்டு நிமிஷம். நான் ஒரு மாதமாக எதைப் பூசலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 20

98 நாள். இன்று தோண்டினேன்.

சாதா செருப்பு கழுவினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். என்னுடையதில் கோரை இல்லவே இல்லை. தென்னை நார் கறுத்து உதிர்கிறது, ஆனால் இருக்கிறது. தோல் வார் ஈரக் காகிதம்போல விரல் அழுத்தத்துக்குக் கிழிகிறது. சோலின் மேல்முகம் மட்டும் சொரசொரத்து வெளுத்திருக்கிறது; அதற்கு இன்னும் பல வருஷம் ஆகும்போல. ஐரோப்பாவில் மட்கும் பேக்கேஜிங்குக்கான ஈ.என். 13432 தரத்தில், 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. என் சோல் சல்லடையையே உடைக்கும்.

அதைவிடப் பெரிய அவமானம் வேறு. வார் பிய்ந்து வந்த இடத்தில் மண்ணை ஊதினேன். தையல் அப்படியே இருந்தது. தோல் பிய்ந்துவிட்டது, நூல் மட்டும் வாரின் வளைவிலேயே, அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஒன்றுகூட அறுபடாமல். கம்பெனியில் பழகிய கை, பழகிய பாலியெஸ்டர் நூலையே கோத்திருக்கிறது. அதன் முனையில் ஒரு லேபிள், பளபளவென்று: 'நூறு சதவீதம் இயற்கை'. அதுவும் பாலியெஸ்டர் ரிப்பன்.

அம்மா அதைக் கழுவித் துடைத்து டிவி மேல் வைத்திருக்கிறார்.

நவம்பர் 3

லினன் நூல் வந்தது. தேன்மெழுகில் இழுத்துத் தாத்தா கையாலேயே தைத்துக் கொடுத்தார். வாரின் ஓரத்தை வெளியே மடக்கிச் சோலோடு சேர்த்துத் தைத்ததால் அந்த இடத்துக்குப் பசையே வேண்டாம். கோரைத் தளம் இப்போது தனி, கழற்றிக் காயப்போடலாம். சோல் அதே சோல்தான்; தேய்ந்ததும் பிரித்து வேறு போட்டுக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன், இப்போதைக்கு அதற்கு மேல் தெரியவில்லை.

லேபிளுக்குப் பதில் தோலிலேயே சைஸைச் சூடு போட்டுப் பதித்தேன். இரும்பு அதிகமாகக் காய்ந்துவிட்டது. வலது காலில் 7 சரியாக இருக்கிறது, இடது கால் கருகி 1 மாதிரி தெரிகிறது. நாளைக்கு இன்னொரு வார் வெட்ட வேண்டும்.