ஒரு தொட்டியும் பல நியாயங்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு ஃபுளோரைடு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் முன்பற்களில் குறுக்காக ஓடும் காவி நிறக் கறையை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். எந்தப் பற்பொடிக்கும் அது போகாது. அது பல்லின் மேல் படிந்த அழுக்கு அல்ல. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில் குடித்த தண்ணீரால் எனாமலிலேயே விழுந்துவிட்ட குறை. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. எங்கள் பகுதியில் கடினப் பாறைக்கு அடியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் அந்த வரம்பைத் தாண்டுகிறது. அளவு கூடக் கூட, ஆண்டுகள் போகப் போக, பாதிப்பு பல்லோடு நிற்காமல் மூட்டுகளையும் முதுகெலும்பையும் இறுக்கிவிடும். நிறமும் மணமும் இல்லாத இந்தப் பொருள் காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இதற்குத் தீர்வாகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, அதே ஆண்டில் கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் கடந்து, ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய்ச் செலவில் உருவான அந்தத் திட்டம், 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. இரு மாவட்டங்களிலும் அப்போதிருந்த மூன்று நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 18 ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 6,755 குடியிருப்புகள் என்று காவிரி நீரைக் கொண்டு சேர்க்கும் பெரிய வேலை அது. திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடு மிகுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது. அப்படியிருக்க, பென்னாகரம் வட்டத்தில் நான் ஆசிரியராக இருக்கும் ஊரில், குழாய் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் சிலருக்கும் பால்பல் விழுந்து முளைத்த நிலைப்பல்லில் அதே கறை இருந்ததைப் பார்த்தபோது, அதற்கான காரணத்தைத் தேடாமல் இருக்க முடியவில்லை.

காரணம் ஊரின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் இருந்தது. திட்டத்தின் குழாய் தரைமட்டத் தொட்டி வரை தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிறது. நாங்கள் சம்ப் என்று சொல்லும் அந்த இடத்திலிருந்து மேலே ஏற்றித் தெருத்தெருவாக விடுவது ஊராட்சியின் பொறுப்பு. அதே மேல்நிலைத் தொட்டிக்கு, திட்டம் வருவதற்கு முன்பிருந்தே, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் ஒரு குழாய் ஏறிக்கொண்டிருந்தது. ஆற்றுத் தண்ணீர் குறைவாக வரும் நாளில் போர் மோட்டாரையும் ஓட்டித் தொட்டியை நிரப்புவார்கள். இரண்டும் கலந்து ஒரே குழாயில் வீட்டுக்கு வரும். கலப்பின் அளவு நாளுக்கு நாள் மாறும் என்பதால், எந்தத் தாய்க்கும் தன் பிள்ளை இன்று குடிப்பது எந்தத் தண்ணீர் என்று தெரிய வழியே இல்லை.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டேங்க் ஆபரேட்டருக்கு விடியற்காலையில் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். “தண்ணி எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்லைங்க சார். வரலன்னா மட்டும் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க” என்று அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. ஊராட்சித் தலைவருக்குச் சாலையில் காலிக்குடங்களோடு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. மாடு வைத்திருப்பவர்களுக்கு அளவில்லாமல் தண்ணீர் வேண்டும். வயதான பெண்களுக்கு ஆற்றுத் தண்ணீர் சப்பென்று இருக்கிறது, போர் தண்ணீரில்தான் ருசி இருக்கிறது. வசதியுள்ள வீடுகள் இருபது லிட்டர் கேன் வாங்கிக் குடித்துவிட்டு, களிக்கும் சோற்றுக்கும் குழாய்த் தண்ணீரையே உலையில் வைத்தன. குடிப்பதை மட்டும் மாற்றினால் போதும் என்று அவர்கள் நம்பினார்கள். மருத்துவத் துறையினர் பல்லையும் எலும்பையும் பார்த்தார்கள், பொறியாளர்கள் சம்புக்கு வந்து சேர்ந்த லிட்டர் கணக்கைப் பார்த்தார்கள். தொட்டிக்குள் நடப்பதை முழுதாகப் பார்க்கும் வேலை யாருடையதாகவும் இருக்கவில்லை.

உலக தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் தேதியும் இப்போது கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று. அந்தக் கூட்டத்தில் “அனைவருக்கும் பாதுகாப்பான குடிநீர்” என்று தீர்மானம் கொண்டுவந்தபோது ஒருவர் கூட மறுக்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலையிலும் வழக்கம்போல இரண்டு தண்ணீரும் கலந்தே ஏறின. பொது நோக்கம், தொலைநோக்கு என்றெல்லாம் திட்ட அறிக்கைகளில் எழுதப்படுபவை பெரும்பாலும் இந்த மாதிரித் தீர்மானங்களாகவே நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத ஒரு வாக்கியத்துக்குச் சம்மதம் கிடைப்பது எளிது, ஆனால் அந்தச் சம்மதத்தை வைத்துக்கொண்டு ஒரு வால்வைக் கூட மூட முடியாது.

நிலைமையை மாற்றியது மகளிர் குழுதான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தொடக்கமாக அமைந்த மகளிர் மேம்பாட்டுத் திட்டம், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் முதன்முதலில் இறங்கியது இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான். அன்று ஒன்றாக இருந்த மாவட்டத்தின் கிருஷ்ணகிரிப் பகுதிக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு. மாவட்டத்துக்கு வந்த எத்தனையோ திட்டங்கள் பெயர்ப்பலகையோடு மறைந்துபோக, இது மட்டும் ஏன் நிலைத்தது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. குழுவில் இருந்த பெண்ணுக்கு வட்டிக்காரரிடம் போகாமல் கைமாற்று கிடைத்தது, வங்கிக்கு ஒழுங்காகத் திரும்பி வரும் கடன் கிடைத்தது, அரசுக்குக் கிராமத்துக்குள் பேச ஆள் கிடைத்தது. இவர்கள் ஒரே கனவைக் கண்டதாக எனக்குத் தோன்றவில்லை. வாரம்தோறும் சேமிப்பு, நோட்டில் வரவு என்ற ஒரே செயலில் அவரவர் காரணம் அவரவருக்கு நிறைவேறியது.

வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களத்திலேயே நீர்ப் பரிசோதனை செய்யப் பயிற்சி தருகிறார்கள். எங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் குழுவைச் சேர்ந்தவர்களே. அவர்கள் பரிசோதனைப் பெட்டியைத் தொட்டியடிக்குக் கொண்டுவந்து, போர் தண்ணீரை ஒரு குப்பியிலும் ஆற்றுத் தண்ணீரை இன்னொன்றிலும் எடுத்து, இரண்டிலும் கரைசலைச் சொட்டவிட்டார்கள். ஃபுளோரைடு குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பு நிற்கும். கூடினால் வெளிறி மஞ்சளாகும். போர் தண்ணீர் எல்லோர் கண்முன்னாலும் மஞ்சளானது. முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர், மருந்தில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக் குழாயிலிருந்து தானே ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துவந்தார். அதுவும் மஞ்சளுக்கே சாய்ந்தது. அவர் வண்ண அட்டையைக் கையில் வாங்கிக் குப்பியோடு ஒட்டிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “எம் பேரனும் இதைத்தானே குடிக்கறான்” என்றார்.

அந்தப் பேரன் என்ற சொல்லிலிருந்துதான் எங்கள் பேச்சு வழிக்கு வந்தது. நிலைப்பற்கள் உருவாகும் வயதில்தான் பற்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால், ஊர் முழுவதற்கும் எல்லாத் தேவைக்கும் என்று பேசுவதை விட்டுவிட்டு, அங்கன்வாடிப் பிள்ளை முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரை உள்ளவர்கள் குடிக்கவும், அவர்களுக்குச் சமைக்கவும் ஆற்றுத் தண்ணீர் மட்டுமே என்று இலக்கைச் சுருக்கிக்கொண்டோம். அது சுருங்கியவுடனேயே அவரவர் இழக்கப்போவது எது என்பது வெளியே வந்தது. ஆற்றுத் தண்ணீரை மட்டும் ஏற்றினால் தொட்டி பாதிதான் நிறையும்; காலையில் இரண்டு மணி நேரம் விட்டுவந்த தண்ணீரை ஒரு மணி நேரமே விட முடியும். பெண்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் துவைக்கவும் மாட்டுக்கும் போர் தண்ணீர் தெருவிலேயே கிடைக்க வேண்டும் என்றார்கள். தெருவுக்கு ஒரு சின்டெக்ஸ் தொட்டியும் மாடுகளுக்குத் தனித் தொட்டியும் வைப்பது என்று முடிவானது. நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கிலிருந்து செலவு செய்யத் தலைவரம்மா ஒப்புக்கொண்டார்.

கேன் தண்ணீர் விற்பவரை எதிரியாகக் கருத வேண்டாம் என்று நான் சொன்னதில் சிலருக்கு வருத்தம். அவருடைய ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரம் ஃபுளோரைடை நீக்கத்தான் செய்கிறது, ஆனால் நீக்கப்பட்டது கழிவு நீரில் செறிந்து வெளியேறுகிறது என்பதும், அந்தக் கழிவு மாடுகள் வாய் வைக்கும் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதும்தான் பிரச்சினை. அதைத் தனிக் குழிக்குத் திருப்ப அவர் இசைந்தார். வியாபாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

உண்மையான முடிவைச் சொன்னவர் டேங்க் ஆபரேட்டர். போர் குழாயில் கேட் வால்வு போட்டு மூடிவைக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வால்வு இருந்தா தண்ணி வராத அன்னிக்கு எல்லாரும் என்னைத் திறக்கச் சொல்லுவாங்க சார். நான் யாருக்குன்னு மறுப்புச் சொல்ல முடியும்? குழாயையே அறுத்துடுங்க.” அவர் கேட்டபடியே பிளம்பரை வரவழைத்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும் போர் குழாயை டீ இணைப்புக்கு மேலே அறுத்து, எண்ட் கேப் என்ற மூடியை வைத்து ஒட்டி, கிளைக் குழாயைத் தெருத் தொட்டிகளுக்குத் திருப்பினார்கள். ஊரிலேயே குறைந்த சம்பளம் வாங்கி எல்லோருடைய ஏச்சையும் கேட்கும் ஒரு மனிதர், தன் மேல் வரப்போகும் நெருக்கடியை முன்கூட்டியே கணக்கில் எடுத்துச் சொன்ன அந்த வார்த்தையை, அறிக்கைகளில் நான் படித்த எந்த ஆலோசனையையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு மாற்றம் நீடிக்குமா என்பதை அறிய விரும்புகிறவர்கள், அதை மீறச் சொல்லி முதலில் யாரை நெருக்குவார்கள் என்று கண்டுபிடித்து, அவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

இந்த முறை தீர்மானத்தின் வாசகம் வேறு மாதிரி இருந்தது: மேல்நிலைத் தொட்டியில் ஆற்று நீர் தவிர வேறு நீர் ஏற்றுவதில்லை, ஆற்று நீர் வராத நாளில் தெருத் தொட்டியில் மட்டும் போர் நீர் விடப்படும், மாதம் ஒருமுறை மகளிர் குழு பரிசோதித்து நோட்டில் எழுதும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சமையல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பானது.

2025 ஜனவரியில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, தலைவர்கள் இடத்தில் தனி அலுவலர்கள் வந்தார்கள். பேசி முடித்தவர்களில் தலைவரம்மாவுக்கு அதன்பிறகு அதிகாரம் இல்லாமல் போனது. அந்தக் கோடையில் குழாய் உடைந்து தொடர்ந்து சில நாள்கள் ஆற்றுத் தண்ணீர் வராமல்போனபோது, போர் குழாயைத் திரும்பவும் இணைத்துவிடலாம் என்று ஒரு தெருவிலிருந்து மனு போனது. விசாரிக்க வந்த அலுவலரிடம் குழுப் பெண்கள் தீர்மான நகலையும் பரிசோதனை நோட்டையும் நீட்டினார்கள். அவர் இரண்டையும் படித்துவிட்டு, அந்த நாள்களுக்கு ஆற்றுத் தண்ணீரை லாரியில் வரவழைக்க ஏற்பாடு செய்தார். மனுக் கொடுத்தவர்களும் லாரியில் குடம் பிடித்தார்கள். குழாய் இணைக்கப்படவில்லை.

பல் விஷயத்தில் பலன் தெரிய இன்னும் ஆண்டுகள் ஆகும். இப்போது அங்கன்வாடியில் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்பல் விழுந்து முளைக்கும்போதுதான் ஏதாவது சொல்ல முடியும். இதற்கிடையில் எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த அடுத்த குக்கிராமத்திலும் இதையே செய்யப் பேச்சு தொடங்கியிருக்கிறது. அங்கே சிக்கல் வேறு. தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் மேல்தெருவைக் கடந்துதான் காலனிக்குப் போகிறது, ஆற்றுத் தண்ணீர் மட்டும் என்று ஆகிவிட்டால் கடைசி வீடுகளுக்குச் சொட்டுகூட வராது என்று காலனிப் பெண்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. எனவே தொட்டியிலிருந்து காலனிக்கு நேராக ஒரு தனிக் குழாய் போட்ட பிறகே போர் குழாயை அறுப்பது என்ற நிபந்தனையை அவர்கள் முன்வைத்திருக்கிறார்கள். அதற்கான மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் தயாரித்துக்கொண்டிருக்கிறார், அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக அதை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.