வன்னியில் காணித் தரகர்: யாருக்கு உரிமம், யாருக்கு இல்லை

ஏ9 வழியே மாங்குளத்தைத் தாண்டினால், வேலிக் கதியாலில் கட்டிய தகரத்தில் "காணி விற்பனைக்கு" என்று ஒரு கைபேசி இலக்கம் இருக்கும். அது பெரும்பாலும் தரகருடைய இலக்கம். காணிக்காரர் ஸ்காபரோவிலோ சூரிச்சிலோ இருப்பார். வாங்க நினைப்பவரும் பல வேளைகளில் அங்கேதான் இருப்பார். அங்கே வீடு வாங்கியபோது கிடைத்த பாதுகாப்பு இங்கேயும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியிலேயே விலை பேசி முடித்துவிடுகிறார்கள்.

கனடாவின் ஒன்ராறியோவில் வீடு, காணித் தரகர்களை மேற்பார்வை செய்வது ரெக்கோ என்ற சபை. 2023 டிசம்பர் 1 முதல் புதிய சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்துச் சோதனையில் தேறிப் பதிவு எடுக்காதவர் தரகு வேலை பார்க்க முடியாது. பதிவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், காப்புறுதியும் கட்டாயம். யார் பதிவில் இருக்கிறார் என்பதை எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். முக்கியமானது முற்பணம். நிறுவனம் வாங்கிய முற்பணம் 5 வேலை நாட்களுக்குள் அதன் நம்பிக்கைக் கணக்கில் (வாடிக்கையாளர் பணத்தைத் தனியே வைக்கும் வங்கிக் கணக்கு) விழ வேண்டும், தரகர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வழியில்லை. அப்படியிருந்தும் 2025இல் அங்குள்ள பெரிய தரகு நிறுவனம் ஒன்றின் நம்பிக்கைக் கணக்கில் பெருந்தொகை குறைந்திருந்தது வெளிவந்து, ரெக்கோவே கேள்விக்குள்ளானது. உரிமம் இருந்தால் எல்லாம் சரியென்று இல்லை. ஆனால் முறையிடப் போக ஒரு கதவாவது இருக்கிறது.

இலங்கையில் காணித் தரகரின் தகுதி பார்த்து, பிழை விட்டால் தொழிலிலிருந்து விலக்கும் அப்படியொரு சபை இல்லை. தரகரைச் சட்டம் மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, தரகரோ ஏலக்காரரோ விற்றுக்கொடுக்கும் காணிக்கு விற்பனைத் தொகையில் 1 சதவீத வரியைச் சபை விதிக்கலாம். மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவும், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், காணித் தரகர் தன் வாடிக்கையாளரை அடையாளம் கண்டு பதிய வேண்டும், சந்தேகமான பணத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. முதலாவது வரிக்காக, இரண்டாவது கறுப்புப் பணத்துக்காக. உங்கள் முற்பணத்தைக் காப்பாற்றித் தருவது இரண்டின் வேலையும் அல்ல.

ஒரு காணி கைமாறும்போது உரிமத்தோடு வேலை செய்பவர்கள் இருவர். உறுதி (காணிப் பத்திரம்) எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவர், நில அளவையாளர் மற்றவர். நொத்தாரிசு வருடாவருடம் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். நில அளவையாளருக்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நில அளவைப் பேரவை வருட உரிமம் கொடுக்கிறது. தரகர் காணியைக் காட்டட்டும், ஆட்களைச் சேர்த்துவிடட்டும். காணியைப் பற்றி அவர் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் இந்த இருவரின் கையெழுத்தில் பார்க்க வேண்டும். தரகர் கூட்டிவரும் நொத்தாரிசு உங்களுக்கு வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடியுங்கள்.

தரகரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல. "உறுதியா, பேர்மிட்டா?" என்பதை. உறுதி சொந்தக் காணிக்கான பத்திரம், பேர்மிட் அரச காணியை வைத்திருக்க அரசு கொடுக்கும் அனுமதிப் பத்திரம். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. வன்னியில் இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழுள்ள குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தவை. பேர்மிட், அதற்கு மேலே அளிப்பு (கிராண்ட்), இரண்டுமே உறுதி அல்ல. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே இல்லாமல் செய்த கைமாற்றம் செல்லாது. அப்படியான உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. ஆனால் பேச்சு இப்படித்தான் போகும்: "பேர்மிட்தான் அண்ணை, ஒரு பிரச்சினையும் இல்லை. இப்ப ஒரு சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) முடிப்பம், உருமய வந்தபடியா உறுதி தன்பாட்டிலை வரும்." உருமய, பேர்மிட் காணிகளுக்கு முழு உரிமையுள்ள உறுதி கொடுக்க 2024இல் தொடங்கிய அரசத் திட்டம். உறுதி வந்தாலும் அது பேர்மிட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் வரும், சத்தியக்கடதாசிக்குக் காசு கொடுத்தவருக்கு அல்ல. பேர்மிட்காரர் இறந்துவிட்டால் காணி துணைக்கும் பின்னுரிமையாளருக்கும் போகும். அவர்கள் வந்து எழும்பச் சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரிடம் காணிக் கோவையைப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

உறுதிக்காணி என்றால் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். நொத்தாரிசு தன் கையெழுத்துக்கு மேலே எழுதும் அத்தாட்சி அங்கே இருக்கும். விற்றவரைத் தனக்குத் தெரியுமா, சாட்சிகளுக்குத் தெரியுமா, காசு தன் முன்னால் கொடுபட்டதா, காணிப் பதிவேட்டைத் தேடினாரா என்று நாலும் அதில் வரும். எழுதுமுன் பதிவேட்டைத் தேடுவது நொத்தாரிசின் கடமை. கட்சிக்காரர் வேண்டாம் என்றால் அதையும் அங்கே குறிக்க வேண்டும். "பதிவேடு தேடப்படவில்லை" என்ற வரியோடு அடுத்தடுத்து இரண்டு உறுதி வந்தால் அந்தக் காணியை விட்டுவிடலாம். இல்லையென்றால் பதிவகத்துக்குப் போய்த் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்து, மூலவுறுதியிலிருந்து படிப்படியாக இறங்கி வர வேண்டும். இடையில் ஓர் உறுதி இல்லையென்றால் தரகர் "இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு" என்பார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பதிந்த உறுதி தொலைந்தாலும் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம்.

வெளிநாட்டில் இருப்பவரின் காணி என்றால் அற்றோணித் தத்துவம் வரும், அதாவது அவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கக் கொடுத்த அதிகாரப் பத்திரம். கொடுத்தவர் இறந்த நாளோடு அது முடிந்துவிடும். பத்து வருடத்துக்கு முன் எழுதிய தத்துவத்தைப் புகைப்படப் பிரதியாகக் காட்டினால் மூலத்தைக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தவரோடு நேரே வீடியோவில் பேசுங்கள். தத்துவம் விற்கவும் அனுமதிக்கிறதா, பராமரிக்க மட்டுமா என்று வாசியுங்கள். வாங்குபவர் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்ற முடியாது. கனேடியக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் வெளிநாட்டவர்தான். இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால் தடையில்லை. மச்சான் பெயரில் எழுதிவிட்டால் சட்டத்தின் கண்ணில் காணி மச்சானுடையது.

தரகர் ஏக்கரில் பேசுவார், பழைய உறுதி பரப்பிலும் குழியிலும் பேசும். 16 பரப்பு ஒரு ஏக்கர், ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். எல்லைக்கல் போய், உறுதியில் சொன்ன அயலவரும் ஊரில் இல்லாத இடங்களில் அளந்தால் இரண்டு பரப்பு குறைவது புதுமையல்ல. அது ஏக்கரில் எட்டிலொன்று. ஆகவே விலையை மொத்தமாகப் பேசாமல், அளந்து வரும் பரப்புக்கு இவ்வளவு என்று பேசுங்கள். வயலென்றால் கமநல சேவை நிலையத்திலும் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது, கிரவல் கொட்டி மேடாக்கி "வீட்டுக்காணி" என்று சொன்னாலும் அது வயல்தான். காட்டோரம் என்றால் வனத் திணைக்கள எல்லையையும் பார்க்க வேண்டும்.

உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் தரகர்தான். 20 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை எவ்வளவு? முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், 3,000 ரூபாய். மிச்சம் 19 லட்சத்துக்கு 4 சதவீதம், 76,000. ஆக மொத்தம் 79,000. 10 லட்சம் என்று எழுதினால் 40,000 மிஞ்சும். நாளைக்கு வழக்கென்று வந்து காசைத் திருப்பிக் கேட்டால் உறுதி பேசப்போவது 10 லட்சத்தைத்தான்.

கொமிசனில் வழக்கமான சிக்கல் மேல்வைப்பு. விற்பவர் "எனக்கு 18 வந்தால் போதும்" என்பார், தரகர் உங்களிடம் 22 சொல்வார், இரு பக்கமும் கொமிசனும் வாங்குவார். விற்பவரோடு ஒருதரம் நேரே பேசினால் இது உடைந்துவிடும், அதனால்தான் இலக்கத்தைத் தரமாட்டார். முற்பணத்தை விற்பவரின் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள், தரகர் கையில் வேண்டாம்.

கையெழுத்து வைத்த அன்றைக்கே முழுக் கொமிசனையும் கேட்பார்கள், ஆனால் அன்றைக்கு உறுதி இன்னும் பதிவாகியிருக்காது. ஒரே காணியை இருவருக்கு விற்றிருந்தால், மோசடி இல்லாதவிடத்து, முதலில் பதிந்த உறுதிக்கே முதலிடம். நொத்தாரிசு இரட்டைப் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்ப அடுத்த மாதம் 15 வரை நாளிருக்கிறது. அதற்குக் காத்திராமல் உறுதியை உடனே பதியக் கொடுங்கள். கொமிசனில் பாதியைப் பிடித்து வைத்து, பதிவு இலக்கம் எழுதிய உறுதி கைக்கு வந்த பிறகு பற்றுச்சீட்டோடு கொடுங்கள்.