சேலத்துப் பானை ஓடுகளை எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் அளந்த அனுபவம்

பானை ஓட்டை உடைக்காமல், பொடியாக்காமல், அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ் கதிர் ஒளிர்வு) கருவியை எல்லோரும் தேடுவது இதற்காகத்தான். பழைய சேகரிப்பில் இருக்கும் ஓட்டின் ஓரத்தைக் கிள்ளிப் பார்க்கக்கூட அனுமதி கிடைப்பது கஷ்டம். சேலத்தைச் சுற்றி முன்பு பொறுக்கி வைத்திருந்த கறுப்பு-சிவப்பு ஓடுகள் எந்த மண்ணில் செய்தவை, அடிவாரத்து மண்ணா சேர்வராயன் மலை மண்ணா என்பது என் கேள்வி.

கருவி எக்ஸ் கதிரைப் பாய்ச்சும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிரை வெளியிடும். அதை எண்ணினால் எது எவ்வளவு என்று தெரியும். சேலம் என்றதும் நினைவுக்கு வருவது வெள்ளைக்கல், அதாவது மக்னீசியம் கார்பனேட். ஆனால் இந்தக் கருவி தடுமாறுவதும் மக்னீசியத்தில்தான்! அதன் கதிர் அவ்வளவு வலுவில்லாதது, ஓட்டுக்கும் உணரிக்கும் நடுவே இருக்கும் கொஞ்சம் காற்றே பெரும்பகுதியை விழுங்கிவிடும். சோடியத்தைக் கேட்கவே வேண்டாம். ஹீலியம் வாயு செலுத்தினால் நிலைமை தேறும், எங்களுக்கு அந்த வசதி இல்லை.

அதனால் சுற்றுவழி. அடிவாரத்தில் வெள்ளைக்கல் இருக்கும் பாறைகளில் குரோமியமும் நிக்கலும் தாராளம். மலைமேல் இருப்பது சார்னோகைட் என்ற கருங்கல் வகை. அது மக்கி உருவான செம்மண்ணில் அலுமினியமும் இரும்பும் ஓங்கி நிற்கும், அலுமினியத் தாதுவான பாக்சைட்டே அப்படி வந்ததுதான். ஆக நிக்கலைப் பிடித்தால் வெள்ளைக்கல் கரட்டுப் பக்கத்து மண்ணைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கருவியை வாங்க எங்களிடம் பணமில்லை, சில நாட்களுக்கு இரவல். எக்ஸ் கதிர் என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் பொருந்தும். பயிற்சி பெற்றவர் கூடவே வந்தார். ஓட்டைக் கையில் பிடித்தபடி விசையை அழுத்தக் கூடாது, தாங்கியில் வைத்து மூடிய பின்தான். எல்லோரும் ஏதோ துப்பாக்கி மாதிரி அதைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

நேரம் போனது அளப்பதில் இல்லை, எந்த இடத்தை அளப்பது என்பதில். ஒரு புள்ளிக்கு ஓரிரு நிமிடம் போதும். ஆனால் ஓட்டின் வெளிப்புறம் மினுக்கித் தேய்த்த மேல்பூச்சு, உட்புறம் புதைகுழி மண்ணும் சுண்ணாம்புப் படிவும். சிலிக்கான் மாதிரி எடை குறைந்த தனிமங்களைக் கருவி மேலே மெல்லிய படலத்தில் மட்டும்தான் பார்க்கும். சிர்க்கோனியத்துக்குச் சில மில்லிமீட்டர் ஆழம் வரை தெரியும். அதாவது ஒரே புள்ளியில் எடுத்த இரண்டு எண்கள் இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசலாம். உடைந்த விளிம்பைத் தூரிகையால் சுத்தம் செய்து, தட்டையாக இருக்கும் இடமாகப் பார்த்து அளந்தேன். அப்புறம் இன்னொன்று: பழைய ஓடுகளில் வெள்ளைப் பெயின்டில் பதிவெண் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயின்டில் டைட்டானியம் இருக்கலாம், பழையதாக இருந்தால் ஈயம்கூட. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குரோமியம் என்னை அலைக்கழித்தது. ஒரே ஓட்டில் ஒரு புள்ளியில் எகிறும், பக்கத்துப் புள்ளியில் படுத்துக்கொள்ளும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கடுகைவிடச் சிறிய கறுப்பு மணிகள் தெரிந்தன. குரோமியம் அடங்கிய குரோமைட் எளிதில் மக்காத கனிமம், மணியாகவே மண்ணில் கிடக்கும். கதிர் விழும் இடத்தில் ஒரு மணி அகப்பட்டால் எண் ஏறிவிடும். நிக்கல் அப்படி இல்லை. பாறை மக்கும்போது களியோடும் இரும்புத் துருவோடும் கலந்து பரவிவிடுவதால் புள்ளிக்குப் புள்ளி அவ்வளவு மாறவில்லை. அதனால் குரோமியத்துக்குப் பல புள்ளிகளின் சராசரி; முடிவு சொல்ல நிக்கல்.

ஒப்பிட இன்றைய மண் வேண்டும். ஏரி ஏரியாகப் போய்க் களிமண் எடுத்து, சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டி, ஓமலூர்ப் பக்கம் ஒரு குயவரின் சூளையில் சுட்டுத் தரச் சொன்னேன். பச்சை மண்ணில் ஈரமும் இலைதழையும் இருக்கும், சுட்ட ஓட்டோடு அதை வைத்து ஒப்பிட முடியாது. பெரியவர் வில்லைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஒத்தை ஏரி மண்ணுல எவன் பானை செஞ்சான்? ரெண்டைக் கலக்கோணும், மணலும் சேர்க்கோணும். இல்லீன்னா சூளையிலயே வெடிச்சுரும்" என்றார். என் திட்டத்தில் பாதி அங்கேயே ஆட்டம் கண்டது. மணல் சேரச் சேர நிக்கல் நீர்த்துப்போகும், சிர்க்கோனியம் ஏறும். போதாக்குறைக்குத் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் வழியாக வருகிறது. அதன் வண்டலில் மலை மண் கலந்துதான் இருக்கும். அவரிடமே கேட்டு, அவர் கலக்கும் விகிதத்திலும் சில வில்லைகள் சுட்டு வாங்கினேன். ஒப்பீட்டில் கடைசியில் உதவியவை அவைதான்.

ஒப்பிடச் சில மண்ணை ஏற்காட்டிலேயே அளந்தோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, எடை குறைந்த தனிமங்களின் அளவு கூடுதலாகத் தெரியும். கருவியில் அழுத்தத்தைத் திருத்தும் வசதி இருந்தாலும், என்ன எவ்வளவு இருக்கிறது என்று முன்பே சான்றளிக்கப்பட்ட மண் மாதிரியை மேலேயும் கீழேயும் அளந்து சரிபார்த்துக்கொண்டோம்.

சரி, என்ன கிடைத்தது? ஓடுகளில் ஒரு கூட்டம் நிக்கல் அதிகமாகத் தனியே ஒதுங்கி நின்றது. அவை வெள்ளைக்கல் கரட்டுப் பக்கத்து மண் என்று சொல்லத் துணிவேன். மீதியை மலை மண் என்று சொல்ல மாட்டேன், நிக்கல் குறைந்த களி சேலம் மாவட்டம் முழுக்க இருக்கிறது. அவற்றில் சிலவற்றை மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். ஏரி மண் எடுக்க நினைப்பவர்கள் கோடையில் போங்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு. மழை பெய்துவிட்டால் கரையோரத்து வண்டல்தான் கைக்கு அகப்படும், குயவர்கள் வெட்டும் களி அடியில் கிடக்கும்.