சுவருக்கும் காது உண்டு

ஜூலை 7, பெங்களூரு

ஐந்து நாளாக வளர்த்த செல்கள் இன்றைக்குத்தான் பிளேட் முழுக்க இடைவெளி இல்லாமல் பரவின. எலி மூளையின் ரத்தக் குழாய்க்கு உள்சுவராக இருக்கும் எண்டோதீலியல் செல்கள். மைக்ராஸ்கோப்பில் கோரைப்பாய் விரித்த மாதிரி நீளநீளமாகத் தெரிகின்றன. மற்ற உறுப்புகளைவிட மூளையில் இவற்றின் ஒட்டு ரொம்ப இறுக்கம். கிளாடின்-5 போன்ற புரதங்கள் செல்லோடு செல்லை நெருக்கித் தைத்து வைத்திருக்கின்றன. 1885-இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளுக்குச் சாயம் ஏற்றியபோது உடம்பெல்லாம் நிறம் பிடித்தது, மூளை மட்டும் வெளுப்பாகவே நின்றது. மூளைக்குச் சாயம் பிடிக்காது என்றுதான் அவர் நினைத்தார். உண்மையில் சாயத்தைத் தடுத்த அந்தத் தையலை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க 1967 ஆயிற்று.

ஜூலை 8

டி.என்.எஃப். ஊற்றினேன். அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் புரதம் அது. நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஜூலை 9

ஊற்றாத பிளேட்டில் இருட்டு. ஊற்றியதில் விகேம்-1 என்ற புரதம் செல்களின் மேல் பச்சையாக மின்னியது. வெள்ளையணுக்கள் பிடித்துக்கொள்ளும் கொக்கி இது. அதைப் பிடிக்கும் வெள்ளையணுவின் கையை மறிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்குத் தரும் நடாலிசுமாப் மருந்தின் வேலை. என் அறிக்கையில் 'அழற்சியில் சுவர் உடைகிறது' என்று எழுதியிருந்தேன். தப்பு. உடைவது பிறகு நடக்கலாம். முதலில் இந்தச் செல்களே கொக்கி போட்டு ஆள் கூப்பிடுகின்றன. அந்த வரியை அடித்துவிட்டேன்.

ஜூலை 11, ஸ்ரீராமபுரம்

அம்மாவுக்கு நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல், 102. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒடம்புல வந்த நோவு மூளைக்கு எப்படிடி தெரியுது?" என்று கேட்டாள். நான் ஆறு வருஷம் படித்த கேள்வி!

டி.என்.எஃப். மாதிரியே அழற்சியின்போது ரத்தத்தில் வரும் இன்டர்லூக்கின்-1 என்ற புரதம் மூளைக்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உள்சுவர்ச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, காக்ஸ்-2 என்ற நொதியைக் கிளப்பி, புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற சேதிப் பொருளை மூளைப் பக்கம் விடுகின்றன. மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதைக் கேட்டு உடம்புச் சூட்டை ஏற்றுகிறது. பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கிறது.

"அப்போ அந்தச் செல்லுதான் உள்ளே சேதி சொல்லுது" என்றாள் அம்மா. மாத்திரை போட்டு, மிளகு ரசம் குடித்து, தூங்கிவிட்டாள்.

ஜூலை 12

அம்மாவுக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. லேபுக்கு வந்ததும் முதல் வேலையாக, இத்தனை நாள் செல்களிலிருந்து வடித்தெடுத்த மீடியாவை, அதாவது அவை வளர்ந்த ஊட்டத் திரவத்தை, குழாய்களில் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 80 ஃப்ரீசரில் வைத்தேன். செல்கள் சொன்னதெல்லாம் அதில்தான் இருக்கிறது.