ரிசர்ச் எலெக்டிவ் போடுவதற்கு முன் எத்திக்ஸ் கமிட்டி லெட்டரைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்

எம்.பி.பி.எஸ்.ஸில் நாமே துறையைத் தேர்ந்தெடுத்துப் போகும் எலெக்டிவ் முடிந்து, தினசரி வேலையைப் பதியும் லாக் புக்கில் கடைசிக் கையெழுத்தும் விழுந்துவிட்டது. ஆனால் கல்லூரி ஆபீஸில் பட்ட பாடு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஜூனியர்கள் "அக்கா, ரிசர்ச்சா லேபா, எதைப் போடுறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். 2019-இல் வந்த பாடத்திட்டப்படி பார்ட் ஒன் பரீட்சைக்கும் ஃபைனல் இயருக்கும் நடுவில் இரண்டு பிளாக். முதல் பிளாக்கில் ஒரு லேப், அல்லது நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆய்வு. இரண்டாவது பிளாக் கிளினிக்கல். அப்போது பிளாக்குக்கு நான்கு வாரம். பிறகு கால அளவு மாறியிருக்கிறது, உங்கள் பேட்ச் சர்க்குலரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 75 சதவீத வருகையும் லாக் புக்கும் இல்லாமல் ஃபைனல் பரீட்சை எழுத முடியாது.

ஹாஸ்டலில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "லேசான டிபார்ட்மெண்டா பார்த்துப் போட்டுட்டு நீட் பி.ஜி.க்குப் படி." மேற்படிப்பான பி.ஜி. சீட்டுக்கு ஆய்வு அனுபவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வார்டில்தான் ஃபைனல் இயர் முழுக்க நிற்கப்போகிறோம், ஹவுஸ் சர்ஜனாகவும் அங்கேதான் நிற்கப்போகிறோம். ஒரு ரிப்போர்ட் எப்படிப் பிறக்கிறது என்று லேபில் உட்கார்ந்து பார்க்க இதை விட்டால் வேறு நேரம் கிடையாது.

நான் ஆய்வுக்கு ஆசைப்பட்டது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். எங்கள் ஊர் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம். மழை முடிந்து பனி விழும் மாதங்களில் விடாத காய்ச்சலோடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். டெங்கு இல்லை, டைஃபாய்டு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில்தான் இதைப் பார்ப்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு பூச்சியின் இளம்புழு கடித்து வரும் நோய். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற சல்லிசான மாத்திரையே போதும். தாமதமானால் நுரையீரல், மூளை என்று இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும்.

முதலில் ஒரு துறையில் ஒரு சாரிடம் கேட்டேன். "ப்ராஜெக்ட் ரெடிம்மா, அப்ரூவல் ஆயிடுச்சு, வந்து சேரு" என்றார். நம்பி ஃபார்மில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பிளாக் தொடங்கி, நோயாளிகளின் கேஸ் ஷீட் எடுக்க ரெகார்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போனால், "ஐ.இ.சி. லெட்டர் எங்கம்மா?" என்றார்கள். ஐ.இ.சி. என்றால் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி, நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் குழு. அதன் லெட்டரே இல்லை. விண்ணப்பம் போயிருந்தது, கமிட்டி கூடவில்லை, அவ்வளவுதான். கமிட்டியின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரவேண்டும், சட்டம் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர் எல்லோரும் இருக்கவேண்டும். இதெல்லாம் நோயாளிகளின் பாதுகாப்புக்காக இருக்கும் ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. "ஆயிடுச்சு" என்று வாயால் சொன்னதுதான் குறை. பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவதற்குக்கூட கமிட்டியின் சம்மதம் வேண்டும். ஆகவே லெட்டரை வாங்கி, நம்பரையும் தேதியையும் பாருங்கள். அதில் எந்தக் காலம் வரை அனுமதி என்றும் பாருங்கள்.

கிருமிகளைப் பற்றிய மைக்ரோபயாலஜி துறையில் ஒரு மேடம் கைகொடுத்தார். அவரிடம் அனுமதியோடு ஓடிக்கொண்டிருந்த ஸ்க்ரப் டைஃபஸ் ஆய்வு இருந்தது. என் பெயரைச் சேர்க்கக் கமிட்டிக்கு ஒரு கடிதம் போட்டார், அது முடிந்தது.

ஆபீஸில்தான் முடியவில்லை. துறையை மாற்றும் ஃபார்மை நீட்டினால் அந்தச் செக்‌ஷன் அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லிஸ்ட்ல மைக்ரோபயாலஜி லேப்னுதாம்மா இருக்கு. ரிசர்ச்னு கட்டமே இல்ல. எல்லாரும் போட்டதைப் போட வேண்டியதுதான, உனக்கு மட்டும் எதுக்கு?" விதியில் இருக்கிறது என்றேன். "விதியக் கொண்டா" என்றார். பிரிண்ட் எடுத்து, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுக் கொண்டுபோனால் ஆள் ஆடிட் வேலையாகப் போய்விட்டார், பக்கத்து சீட்டில் இருந்தவர் தொடவே மாட்டேன் என்றார். கடைசியில் அந்தப் பக்கத்தை ஃபார்மோடு சேர்த்துப் பின் அடித்து, மேடத்தின் கையெழுத்தோடு ஆபீஸின் தபால் பிரிவில் கொடுத்து, வரவுப் பதிவு எண்ணான இன்வர்ட் நம்பர் வாங்கினேன். நம்பர் விழுந்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. கையில் கொடுக்காதீர்கள், தபாலில் கொடுங்கள்.

லேபில் கழிந்த நாட்களைப் பற்றி ஒரு குறையும் இல்லை. எலைசா என்ற ரத்தப் பரிசோதனையின் பிளேட்டில் மஞ்சள் ஏறுவதைப் பார்த்து பாசிட்டிவ் என்று எழுதிவிட முடியாது. இந்த ஊரில் ஆரோக்கியமாக இருப்பவர்களின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்த்துத்தான் எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்ற கட்-ஆஃபை இந்த ஊருக்கென்று வைக்கவேண்டும். ஓர் எண் எங்கிருந்து வருகிறது என்று அப்படித்தான் பிடிபட்டது. 2023-இல் தீவிர ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளினும் அஸித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று காட்டிய ஆய்வு, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்திய மருத்துவமனைகளில் நடத்தியது. அதைப் படிக்கும்போது அதன் ஒவ்வொரு வரிக்குப் பின்னால் எத்தனை பேர் இப்படி பிப்பெட் பிடித்திருப்பார்கள் என்று தோன்றியது.

கேஸ் ஷீட்களில் ஒன்று கண்ணை உறுத்தியது. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு வரும், எஸ்கார். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும், வலிக்கவும் வலிக்காது. நான் புரட்டிய பெண்களின் ஷீட்களில் பலவற்றில் எஸ்கார் பற்றி எழுதும் இடம் காலியாகவே கிடந்தது. தேடவே இல்லை.

அதனால் இரண்டாவது பிளாக்குக்கு ஜெனரல் மெடிசின், பெண்கள் வார்டு கேட்டு வாங்கினேன். ஒரு அப்பத்தா, நாள்கணக்கில் காய்ச்சல். ஸ்க்ரீன் இழுத்துவிட்டு ஜாக்கெட்டைத் தளர்த்தச் சொன்னால், "ஏத்தா, காய்ச்சலுக்கு அங்கன எதுக்குப் பாக்குற?" என்றார். கடிபட்ட தடம் தேடுகிறேன் அப்பத்தா, இருந்தால் சீக்கிரம் மாத்திரை கொடுத்துவிடலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இடது மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், பயறு அளவில் கருப்பாக, சுற்றிலும் சிவந்து இருந்தது. ஓடிப்போய் பி.ஜி. அக்காவைக் கூட்டிவந்தேன். எலைசா ரிசல்ட் வருவதற்கு முன்பே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. லேப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் தேடியிருக்க மாட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று ஊருக்குப் போயிருந்தபோது வகுப்புப் பிரதிநிதியான சி.ஆரிடமிருந்து போன். ஆபீஸ் லிஸ்ட்டில் முதல் பிளாக்கில் எனக்கு வருகை பூஜ்யம். பழைய துறையில் பெயர் இருந்தபடியே இருந்திருக்கிறது. பஸ் பிடித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வந்து, அங்கிருந்து கல்லூரிக்குப் போனால் "கைடு ஒரிஜினல் லெட்டர் வேணும், வாட்ஸ்அப் காப்பி செல்லாது" என்றார்கள். கைடு என்றால் மேடம்தான், அவர் வெளியூரில் எக்ஸாமினர் வேலையில். அன்றைக்கு வெறும் கையோடுதான் திரும்பினேன். அப்புறம் காப்பாற்றியது இரண்டு: லாக் புக்கில் தினமும் தேதியோடு வாங்கியிருந்த கையெழுத்து, லேப் டெக்னீஷியன் அண்ணன் தனியாக வைத்திருந்த ரிஜிஸ்டர். துறைத்தலைவரான எச்.ஓ.டி. சீல் போட்டுக் கொடுத்ததும் வருகை ஏறியது. அன்றன்றைக்கு வாங்காமல் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்குபவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். மாணவர்களுக்குத் தரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகையான எஸ்.டி.எஸ். போட நினைத்தால் எலெக்டிவ் வரை காத்திருக்காதீர்கள். ஒரு கைடு வருடத்துக்கு ஒரு மாணவரைத்தான் எடுக்க முடியும். நல்ல கைடுகளை செகண்ட் இயர் பிள்ளைகளே வந்து கேட்டுவைத்துவிடுகிறார்கள். எங்கள் மேடத்திடமும் அடுத்த வருடத்துக்கு ஆள் வந்தாகிவிட்டது.