பெயர் வெட்டிய தூக்குவாளிகள்

அக்டோபர் 23 காலை எட்டு மணி அடிக்கும் முன்பே கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரயிலில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் இருக்கும்போதுதான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது; கிறிஸ்மஸ் டிக்கெட் கவலை ஆகஸ்ட்டிலேயே தீர்ந்துவிடும். டிசம்பர் 22-க்கு எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு நான்கு இடம். எல்லாம் கிடைத்துவிட்டது. அன்று முழுவதும் அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "வா மக்களே. இந்த வருடம் எனக்குத் தோள் தூக்க முடியவில்லை. அச்சு முறுக்கு சுடுவது உன் கையில்தான்" என்றாள்.

எங்கள் ஊர் மயிலாடி. கல்லில் சாமி சிலை செய்கிற ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டன்ட்) ஆலயம் எழும்பியதும் இங்கேதான், 1809-இல். ஊர்க்காரரான வேதமாணிக்கமும் ஜெர்மனியிலிருந்து வந்த ரிங்கல்தௌபேயும் சேர்ந்து தொடங்கிய சபை. கிறிஸ்மஸ் அன்று விடியுமுன் ஆராதனைக்குப் போகும்போது வழியெல்லாம் பட்டறை வாசல்களில் பாதி செதுக்கிய பிள்ளையாரும் அம்மனும் நட்சத்திர விளக்கு வெளிச்சத்தில் நிற்பார்கள். எனக்குக் கிறிஸ்மஸ் என்றால் முதலில் கண்ணுக்குள் வருவது அந்தக் காட்சிதான்.

பரிசுப் பொட்டலம் கட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எங்களுக்குக் கொடுப்பது என்றால் பலகாரம். பலகாரம் என்றால் தூக்குவாளி. அம்மாவிடம் பதினான்கு எவர்சில்வர் வாளிகள் இருக்கின்றன. பாத்திரக் கடையிலேயே அப்பாவின் பெயரையும் வருடத்தையும் வெட்டி வாங்கியவை. பழைய நோட்டு ஒன்றில் வீடுகளின் வரிசையை எழுதி வைத்திருக்கிறாள். அந்த வரிசை வருடத்துக்கு வருடம் மாறும். சொந்தம், பணம், நெருக்கம் எதையும் பார்த்து மாறுவதில்லை. அந்த வருடம் எந்த வீட்டில் சாவு விழுந்ததோ அந்த வீடு மேலே ஏறும். துக்க வீட்டில் வருடம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். "அந்த வீட்டுப் பிள்ளைகளின் கைக்குத்தான் முதல் முறுக்கு போக வேண்டும்" என்பாள். நம் பண்டிகை, அவர்கள் பண்டிகை என்ற பேச்சே அதில் கிடையாது.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு இருக்காது. எங்கள் பக்கத்தில் முந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் குலைபோல இருப்பதால் அந்தப் பெயர். சிறுபயறை மணம் வரும்வரை வறுத்துப் பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய் சேர்த்து, வெல்லப்பாகு ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் உருட்ட வேண்டும். ஆறவிட்டால் உதிர்ந்துவிடும். மறுநாள் மஞ்சள் கலந்த அரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாக முக்கி எண்ணெயில் விட வேண்டும். கெட்டுப்போகாமல் பொங்கல்வரை தாங்கும்.

அச்சு முறுக்கு அப்படி இல்லை; அதற்குக் கை படிய வேண்டும். பாட்டி வைத்திருந்த அச்சுதான் இன்னமும். எட்டு இதழ்ப் பூ. அதன் கம்பிப் பிடியில் பாட்டி சுற்றிய துணியின் மேல் அம்மா இன்னொரு துணி சுற்றியிருக்கிறாள். முதலில் அச்சை எண்ணெய்க்குள்ளேயே வைத்துச் சூடாக்க வேண்டும். தூக்கி, சொட்டும் எண்ணெயை உதறி, மாவில் இறக்கும்போது 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் மாவு பிடித்தது என்று அர்த்தம். மேல் விளிம்பை மாவு மூடிவிடக் கூடாது; மூடினால் முறுக்கு கழன்று வராது. அச்சு நன்றாகக் காயவில்லையென்றால் மாவு ஒட்டாமல் கரைசலிலேயே தங்கிவிடும். எண்ணெயில் இறக்கி மெல்ல ஆட்டினால், ஒரு நொடியில் பூ தானாகக் கழன்று மிதக்கும். அது கழலுகிற அந்த நொடிக்காக நானும் தம்பியும் அடுப்படியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறோம். இந்த வருடம் என் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள்.

2005 கிறிஸ்மஸை அம்மா இன்றும் சொல்வாள். அதற்கு முந்தைய ஆண்டு பண்டிகைக்கு மறுநாள், டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கடல் ஏறிவந்தது. பழையாறு கடலில் சேருகிற மணக்குடியில் பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்பாவோடு படித்த ஒருவர் அங்கே கடல்தொழில் செய்தார். மனைவியையும் மகளையும் அன்று இழந்தார். மறுவருடம் அவர் தெருவில் எந்த வீட்டிலும் பலகாரம் சுடவில்லை. அம்மா மூன்று நாள் உட்கார்ந்து சுட்டாள். பதினான்கு வாளி போதாமல் பிஸ்கட் டின்களிலும் அடைத்து, அப்பா வாடகைக்கு ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார்.

2018-இல் எங்கள் வீட்டுக்கே அந்த முறை வந்தது. அப்பா போய்விட்டார். டிசம்பரில் அடுப்படி அமைதியாகக் கிடந்தது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மாலை, பக்கத்து வீட்டு அத்தை ஒரு வாளியோடு வந்தார். அவர் கணவர் கல் சிற்பி. நாற்பது வருடமாக எங்களுக்கு மாமா. தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து அதிரசமும் தேன்குழலும் வருவது வழக்கம். இந்த வாளியில் இருந்தது அச்சு முறுக்கு. யாரிடமோ அச்சு இரவல் வாங்கி, வாழ்நாளில் முதல் தடவையாகச் சுட்டிருக்கிறார். பாதிக்கு மேல் இதழ் உடைந்திருந்தது, ஓரம் கருகியிருந்தது. அம்மா ஒன்றை எடுத்து முழுதாகத் தின்றாள். அப்பா போன பிறகு அவள் இனிப்பில் கை வைத்தது அன்றுதான். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

இந்த ஆவணியில் மாமா காலமானார். உளிச் சத்தம் இல்லாத அந்த வீட்டைக் காதால் கேட்கவே முடியவில்லை என்கிறாள் அம்மா. தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தோள் வலியோடு அம்மாதான் கொஞ்சம் அதிரசம் சுட்டுக் கொடுத்துவிட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் வாளியை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது கிடக்கும். அத்தை கொல்லையிலிருந்து ஒரு சீப்பு மட்டிப்பழம் வெட்டி, வாளிக்குள் வைத்துத் திருப்பியனுப்பியிருக்கிறார்.

ஊருக்கு எடுத்துப்போக பிள்ளைகளுக்குப் புதுத்துணி வாங்கியாகிவிட்டது. அத்தைக்கும் வெளிர் நீலத்தில் ஒரு கைத்தறிச் சேலை எடுத்திருக்கிறேன். துக்க வருடத்தில் பண்டிகைச் சேலை கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேலையைப் பொங்கல் கழிந்து கொடுக்கலாம். வாளியை மட்டும் நீயே கொண்டுபோ. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ, அந்த வீட்டில் கொஞ்சம் சத்தம் கேட்கட்டும்" என்றாள்.

24-ஆம் தேதி மாலை போகிறோம். அடியில் முந்திரிக்கொத்து, மேலே அச்சு முறுக்கு. ஒரு இதழ்கூட உடையாமல் பொறுக்கி அடுக்க வேண்டும் என்று இப்போதே மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.